ஓப்பரா பூஃபா: இத்தாலிய நகைச்சுவை இசை நாடகம்

ஓப்பரா பூஃபா என்பது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் உருவாகி ஐரோப்பா முழுவதும் பரவிய நகைச்சுவை இசை நாடக வகையாகும். அதே காலத்தில் கோலோச்சிய ‘ஓப்பரா சேரியா’ எனும் உயர்தர வகை, அரசர்களையும் பழங்கதை வீரர்களையும் மேடையேற்றியது. பூஃபாவோ வேலைக்காரி, கஞ்சக் கிழவர், போலி மருத்துவர், நாவிதர் போன்றோரைப் பாட வைத்தது. இது வெறும் சிரிப்பு நாடகம் என்று எண்ணிவிடக் கூடாது. பல பாத்திரங்கள் ஒரே நேரத்தில் தத்தம் எண்ணங்களைப் பாட, கதையும் நகர்ந்துகொண்டே இருக்கும் அமைப்பைச் செழிக்க வைத்தது இவ்வகையே.

தோற்றம்

17ஆம் நூற்றாண்டு ஓப்பராக்களில் அழுகையும் சிரிப்பும் கலந்தே இருந்தன. மொன்டெவெர்டியின் ‘பொப்பேயாவின் முடிசூட்டு’ (1643) நீரோ மன்னனின் அரண்மனைக் கதைதான். ஆயினும் அதில் வாயாடியான செவிலித்தாய் ஒருத்தி வருகிறாள். பின்னர் அப்போஸ்டோலோ சேனோ, மெத்தஸ்தாசியோ முதலிய கவிஞர்கள் ஓப்பராவைச் சீர்திருத்த முற்பட்டனர். அவர்கள் செம்மைப்படுத்திய நாடகத்தில் கோமாளிகளுக்கு இடமில்லை.

வெளியேற்றப்பட்ட கோமாளிகள் வேறு வழிகளில் மேடைக்குத் திரும்பினர். பெரிய ஓப்பராவின் அங்கங்களுக்கு இடையே நடிக்கப்பட்ட ‘இன்டர்மெட்சோ’ என்ற சிறு நாடகம் ஒரு வழி. நேப்பிள்ஸ் நகரின் வட்டார மொழியிலேயே அமைந்த முழுநீள நகைச்சுவை ஓப்பரா மற்றொன்று. 1709 முதல் அந்நகரின் ஃபியொரென்தீனி அரங்கில் இத்தகைய நாடகங்கள் நடந்தன. தெருவில் கேட்கும் பேச்சு அப்படியே மேடையில் ஒலித்தது.

எசமானியான வேலைக்காரி

ஜொவான்னி பத்தீஸ்தா பெர்கொலேசியின் ‘லா சேர்வா பத்ரோனா’ (1733) ஓர் இன்டர்மெட்சோவாகத்தான் நேப்பிள்ஸில் அரங்கேறியது. எந்தப் பெரிய ஓப்பராவின் இடைவேளையை நிரப்ப இது எழுதப்பட்டதோ, அதை இன்று அறிந்தவர் சிலரே. இரண்டு பாடகர், பேசாத ஒரு நடிகர், சிறிய இசைக்குழு, முக்கால் மணி நேரம்: இவ்வளவே இதன் அளவு.

முதியவரும் மணமாகாதவருமான உபெர்த்தோ, மூன்று மணி நேரமாகச் சாக்லேட் பானத்திற்குக் காத்திருந்து சலித்துப் போவதில் கதை தொடங்குகிறது. வேலைக்காரி செர்பீனா அதைக் கொண்டுவருவதாக இல்லை. வீட்டை ஆள்பவள் அவளே. ஊமை வேலைக்காரனான வெஸ்போனேக்குப் படைவீரன் வேடமிட்டு, தன்னை மணக்க வந்தவன் என்று காட்டுகிறாள். பெருந்தொகையைச் சீதனமாகத் தர வேண்டும், இல்லையேல் எசமானரே அவளை மணக்க வேண்டும் என்பது நிபந்தனை. உபெர்த்தோ மணக்கவே இசைகிறார்.

இசையிலும் புதுமை இருந்தது. சேரியாவில் ஒரு பாடல் பெரும்பாலும் ஓர் உணர்ச்சியையே நீட்டிப் பாடும். முதற்பகுதி அணிகள் சேர்த்து மீண்டும் வரும். பெர்கொலேசியோ குறுந்தொடர்களைத் துண்டுதுண்டாக அடுக்கினார். முணுமுணுப்பு, திகைப்பு, நெஞ்சுத் துடிப்பு ஆகியவை இசையில் கேட்கின்றன. பெர்கொலேசி 1736இல் தம் 26ஆம் வயதில் இறந்தார்.

1752இல் இத்தாலியக் குழுவொன்று இதைப் பாரிஸில் நடித்தபோது பெரும் எழுத்துப் போர் மூண்டது. ‘பூஃபோன்களின் சச்சரவு’ எனப்படும் இப்போரில் ஒரு தரப்பினர் பிரெஞ்சு அரசவை ஓப்பராவைப் போற்றினர். ரூசோ இத்தாலிய இசையின் பக்கம் நின்றார். இசையைப் பற்றிய விவாதமாகத் தோன்றினாலும், மேடையில் யாருடைய வாழ்க்கை இடம்பெறத் தக்கது என்ற கேள்வியும் அதன் அடியில் இருந்தது.

குரலும் இறுதிக் காட்சியும்

சேரியாவின் நாயகர்கள் பெரும்பாலும் ‘கஸ்த்ராத்தி’ பாடகர்கள். சிறுவயதில் விரையறுக்கப்பட்டு, மேல் சுருதிக் குரலைத் தக்கவைத்துக்கொண்ட ஆண்கள். பூஃபா பொதுவாக இயல்பான குரல்களையே நாடியது. தாழ்ந்த சுருதியில், மூச்சுவிடாமல் சொற்களைப் பொழியும் ‘பாசோ பூஃபோ’ இதன் தனி அடையாளம். பாடல்களுக்கு இடையே உரையாடல் நின்றுவிடுவதில்லை. ஹார்ப்சிகார்டு துணையுடன் பேச்சு நடையில் பாடப்படுகிறது.

வெனிஸ் நாடகாசிரியர் கார்லோ கோல்டோனியும் இசையமைப்பாளர் கலூப்பியும் அங்கத்தின் இறுதிக் காட்சியை நீண்ட தொடர் இசையாக வளர்த்தனர். கோல்டோனி எழுத, பிச்சினி இசையமைத்த ‘லா புவோனா ஃபில்யோலா’ (1760) சிரிப்போடு கண்ணீரையும் சேர்த்தது.

இம்முறையின் உச்சம் மொசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ (வியன்னா, 1786) எனலாம். மொசார்ட் ஆஸ்திரியப் பகுதியைச் சேர்ந்தவர். ஆனால் லோரென்சோ டா பொந்தே எழுதிய உரையும் அதன் மரபும் இத்தாலியமே. இரண்டாம் அங்கத்தின் முடிவில் பிரபுவும் மனைவியும் சண்டையிடுகின்றனர். பணிப்பெண் சுசன்னா வெளிப்பட மூவராகின்றனர்; ஃபிகாரோ வர நால்வர். தோட்டக்காரன் உடைந்த பூந்தொட்டியுடன் வந்து குழப்பிச் செல்கிறான். கடைசியில் எழுவர் ஒன்றாகப் பாடுகின்றனர். இருபது நிமிடம்போல இசை நிற்பதே இல்லை. பேச்சு நாடகத்தில் எழுவர் ஒன்றாகப் பேசினால் இரைச்சலே மிஞ்சும். இங்கோ ஒவ்வொருவர் மனமும் தனித்தனியே புலப்படுகிறது.

இதன் மூலமான போமார்ஷேயின் நாடகத்தை வியன்னாவில் நடிக்கப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு தடை விதித்திருந்தார். டா பொந்தே பிரபுக்களைச் சாடும் பகுதிகளை நீக்கினார். இருந்தும் முடிவில் பிரபு, அனைவர் முன்னிலையிலும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

பிற்காலம்

ரோசினியின் ‘செவில் நகர நாவிதர்’ (1816) ரோம் நகரில் முதல்நாள் இரவு கூச்சலுக்கு ஆளாகிப் பின் நிலைபெற்றது. மெல்லத் தொடங்கி, ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பேரொலியாக வீங்கும் ‘கிரெஷெண்டோ’ அவருடைய முத்திரை. டோனிசெட்டியின் ‘தோன் பாஸ்குவாலே’ (1843) இம்மரபின் கடைசிப் பெரும்படைப்புகளுள் ஒன்று. அதன்பின் இத்தாலிய மேடையில் துன்பியல் கதைகளே ஓங்கின.

இளமையில் எழுதிய நகைச்சுவை ஓப்பரா ஒன்றில் தோல்வி கண்ட வெர்டி, அரை நூற்றாண்டு கழித்து, 79ஆம் வயதில் ‘ஃபால்ஸ்டாஃப்’ (1893) தந்தார். பழைய பாடல் அமைப்பு அதில் கரைந்துவிட்டது. எனினும் எல்லாப் பாத்திரங்களும் மேடையில் கூடி ஒருவரையொருவர் துரத்துவதுபோல் பாடும் ‘ஃபியூகு’ வடிவத்திலேயே அது முடிகிறது.