ஆங்கிலப் பரீட்சை: கட்டுரைக்கும் கவிதைக்கும் பயப்பட வேண்டாம்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் மற்றப் பாடமெல்லாம் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் விட்டுவிடும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். "நமக்கு இங்கிலீஷ் வராது" என்று அந்தப் பாடத்தையே ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். பிறகு வேலைக்கு மனுப் போடும்போதுதான் அதன் நட்டம் தெரிகிறது. 35 புள்ளி எடுத்தால் சாதாரண சித்தி. 50 எடுத்தால் திறமைச் சித்தி. கட்டுரைப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு வருகிற பிள்ளை, கைக்கு எட்டின புள்ளியைத் தானே தள்ளிவிட்டு வருகிறது.

கட்டுரை எழுதும் முறை

முதலில் கேள்வியை இரண்டு தரம் வாசியுங்கள். கேட்டது கடிதமா, பேச்சா, கதையா, கட்டுரையா என்று பாருங்கள். எத்தனை சொல் என்று கேள்வியிலேயே போட்டிருக்கும். 200 சொல் கேட்டால் அதை இப்படிப் பிரிக்கலாம்:

1. முதல் பந்தி, 30 சொல். எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.
2. இரண்டாம் பந்தி, 65 சொல். ஒரு விஷயம், அதற்கு ஒரு உதாரணம்.
3. மூன்றாம் பந்தி, 65 சொல். இன்னொரு விஷயம், இன்னொரு உதாரணம்.
4. கடைசிப் பந்தி, 40 சொல். என்ன செய்ய வேண்டும் என்ற முடிவு.

"சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருப்பது" என்று தலைப்பு வந்தால் பாடமாக்கின பெரிய வசனம் தேவையில்லை. உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற கானைப் பற்றி எழுதுங்கள். குப்பை அடைத்து, தண்ணீர் தேங்கி, நுளம்பு பெருகுவது இரண்டாம் பந்தி. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து சிரமதானம் செய்தால் என்ன மாறும் என்பது மூன்றாம் பந்தி. கண்ணால் பார்த்ததை எழுதினால் சொல்லும் தானாக வரும். பாடமாக்கின கட்டுரை கேட்ட தலைப்புக்குப் பொருந்தாவிட்டால் புள்ளி கிடைக்காது.

அரை மணித்தியாலம் இருந்தால் 5 நிமிஷம் திட்டம் போட, 20 நிமிஷம் எழுத, 5 நிமிஷம் பிழை பார்க்க என்று ஒதுக்குங்கள். அந்தக் கடைசி 5 நிமிஷத்தை யாரும் விட்டுவிடக் கூடாது.

நமக்கு அடிக்கடி வரும் பிழைகள்

"அம்மா கொழுந்து பறிக்கிறார்" என்று தமிழில் வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிறோம். ஆங்கிலத்தில் அது நடுவில் வரும்: "மை மதர் ப்ளக்ஸ் டீ." அந்த "ப்ளக்ஸ்" என்பதில் உள்ள "ஸ்" ஒலியைத்தான் நம்ம பிள்ளைங்க விட்டுடுறாங்க. ஒரு ஆளைப் பற்றி வழக்கமாக நடப்பதை எழுதும்போது அது கட்டாயம் வேண்டும். "அ", "தி" என்ற சின்னச் சொற்கள் தமிழில் இல்லை, அதனால் அவையும் விடுபடும். நேற்று நடந்ததாக ஆரம்பித்த கதை, நடுவில் இன்று நடப்பதாக மாறிவிடும். பிழை பார்க்கும்போது இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.

கவிதையில் கேட்கும் சொற்கள்

ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுக்கிற பிள்ளைகளுக்கு சிமிலி, மெட்டஃபர் என்ற பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றும். இவற்றில் பலதும் தமிழ்ப் பாடத்தில் படித்தவைதான்.

சிமிலி என்பது உவமை. "மூடுபனி நனைஞ்ச கம்பளி மாதிரி லயத்து மேல கிடக்குது" என்றால் சிமிலி. தமிழில் "போல", "மாதிரி" வருவதுபோல ஆங்கிலத்தில் "லைக்" அல்லது "அஸ்" வரும். ஆனால் கவனம்: "ஐ லைக் டீ" என்பதிலும் "லைக்" இருக்கிறது, அங்கே ஒப்பிடுதல் இல்லை. அது சிமிலி ஆகாது.

மெட்டஃபர் என்பது உருவகம். "மூடுபனி ஒரு நனைஞ்ச கம்பளி" என்று "மாதிரி" இல்லாமல் சொல்வது.

பெர்சொனிஃபிகேஷன் என்றால் உயிரில்லாததை ஆள் போலக் காட்டுவது. "மூடுபனி கதவைத் தட்டாம உள்ள வந்து குந்திக்கிச்சு."

அலிட்டரேஷன் நம்முடைய மோனைக்குக் கிட்ட வரும். ஆனால் எழுத்தைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். "ஃபோன்", "ஃபிஷ்" இரண்டும் ஆங்கிலத்தில் வேறு எழுத்தில் தொடங்கினாலும் சத்தம் ஒன்று, அதனால் பொருந்தும். "சிட்டி", "கேட்" ஒரே எழுத்தில் தொடங்கினாலும் சத்தம் வேறு, பொருந்தாது.

ரைம் என்பது வரியின் கடைசியில் சத்தம் ஒத்து வருவது. தமிழில் அது இயைபு. எதுகை என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஐரனி என்றால் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடப்பது. உலகம் குடிக்கிற நல்ல தேயிலையைப் பறிக்கிற குடும்பம் வீட்டில் தூள் தேயிலை குடிக்கிறது. இதைவிட நல்ல உதாரணம் நமக்கு வேண்டாம்.

பெயரை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி வராது. மூன்று படி இருக்கிறது: பெயரைச் சொல்லுங்கள், கவிதையில் எந்தச் சொல் என்று காட்டுங்கள், அதனால் வாசிக்கிறவர் மனதில் என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். கம்பளி என்று சொன்னதால் குளிரும் பாரமும் சேர்ந்து தெரிகிறது என்று எழுதுவதுதான் மூன்றாவது படி. புள்ளி அதிகம் அங்கேதான்.

நம்மிலிருந்து எழுதியவர்

சி. வி. வேலுப்பிள்ளை 1914-ஆம் ஆண்டு தோட்டத்தில் பிறந்தவர். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். தோட்ட மக்களின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதினார். லயத்தில் பாடின பாட்டுகளையும் தேடிச் சேர்த்தார். நம்ம பாட்டிமார் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் சொன்ன உவமைகள் கொஞ்சமா? அந்தச் செல்வம் வீட்டிலேயே இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஆங்கிலம் தெரியாத தாய் தகப்பனும் உதவி செய்யலாம். எழுதி முடித்ததும், "இதுல என்ன எழுதியிருக்க, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். ஒழுங்காகச் சொல்ல முடியாவிட்டால் கட்டுரையிலும் ஒழுங்கு இல்லை என்று பிள்ளைக்கே விளங்கும். மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்லுங்கள். பரீட்சை நெருங்கும் மாதங்களில் விறகுக்கும் தண்ணிக்கும் அந்தப் பிள்ளையை, முக்கியமாகப் பெண் பிள்ளையை, அனுப்பாமல் மாலையில் ஒரு மணித்தியாலம் விட்டுக்கொடுங்கள்.

பிள்ளைகளே, கிழமைக்கு ஒரு கட்டுரை எழுதி டீச்சரிடம் காட்டுங்கள். சிவப்பு மையில் திருத்தினதைத் திரும்பவும் கொப்பியில் சரியாக எழுதுங்கள். மூன்று மாதத்தில் பன்னிரண்டு கட்டுரை கையில் இருக்கும். அதோடு மண்டபத்துக்குப் போங்கள்.