பின்னிருக்கையில் ஒரு நேர்த்திக்கடன்

மோட்டார் சைக்கிள் எங்கள் குடும்பங்களுக்கு ஒருநாளும் உல்லாசப் பொருளாக இருந்ததில்லை. சந்தைக்கு வெங்காயமும் வாழைக்குலையும், ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சற்காரப் பிள்ளையும் அதிலேதான் போயின. 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய நாட்களை எம்மில் யார் மறப்பார்? அந்தப் புகைமணம் தோய்த்தாலும் சட்டையை விட்டுப் போகாது. 2022 இல் வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது பிள்ளைகள் பதறினார்கள். தாய் தகப்பன்மார் தமக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட வண்டியில் ஏறி மன ஆறுதல் தேடலாம் என்று எவராவது சொல்லியிருந்தால் நாமே நம்பியிருக்கமாட்டோம். ஒரு நாட் பயணத்தில் நாம் கண்டதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

எமது பணியில் நாம் அடிக்கடி செல்லும் வீடுகளில் ஒன்று, 1990 இல் வயாவிளானை விட்டு வெளியேறிய ஒரு விவசாயியுடையது. செம்மண் தோட்டம், வெங்காயம், புகையிலை, சொந்தக் கிணறு. 2015 தொடக்கம் வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன. அயலவரின் காணி வந்தது. அவருடையது இன்னும் முட்கம்பிக்கு அப்பால் கிடக்கிறது. காணி விடப்போகிறார்கள் என்று பேச்சு எழும்பும் ஒவ்வொரு தடவையும் மண்வெட்டியைத் தீட்டி வைப்பார். பிறகு அது மூலையிலே துருப்பிடிக்கும். நித்திரையில்லை. வீட்டில் சின்னச் சொல்லுக்கும் கோபம். ஞாயிறு பூசைக்குப் போவதையும் விட்டுவிட்டார். யார் கேட்டாலும் “ஒண்டுமில்லை” என்பதே பதில்.

கடந்த சோளகக் காலத்தில் நாங்கள் இருவர் மடுவுக்குப் போக இருந்ததை அறிந்த அவருடைய மனைவி, “தம்பியவை, இவரையும் ஏத்திக்கொண்டு போங்கோ. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்” என்று கேட்டுக்கொண்டார். அவர் மறுக்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. ஒரு சின்னப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களில் மூத்தவரின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார்.

நாவற்குழிப் பாலத்தில் தோளைத் தட்டி மெதுவாகப் போகச் சொன்னார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிக்கு நெருக்குப்பட்டுப் போன பாலம் அல்லவா? அவரும் அன்று தாயாரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனவர். ஆனால் அப்போது எதுவும் சொல்லவில்லை.

கேரதீவு தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியதும் சோளகம் பக்கவாட்டில் அடித்தது. 2011 இல் இந்தப் பாலம் திறக்கப்பட்டது. அந்தக் காற்றில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே வேறொன்றும் நினைக்க முடியாது. கை பிடியிலும் கண் றோட்டிலும் இருக்கவேண்டும். பின்னால் இருப்பவரும் வண்டி சரியும் பக்கம் உடம்பைக் கொடுக்கவேண்டும். வீட்டிலே ஒரே இடத்தில் செக்காகச் சுற்றிக்கொண்டிருந்த மனம், குழியையும் மணலையும் குறுக்கே வரும் மாட்டையும் பார்த்துப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் தன் சுற்றை விட்டுவிடுகிறது. பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் அதன் பிடி தளர்கிறது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில்தான் செபம் வருகிறது என்பது எமது அனுபவம். நீண்ட செபமல்ல, ஓரிரு சொல்.

பூநகரி கழிந்து முழங்காவிலை நோக்கிப் போகையில் அவர் பேசத் தொடங்கினார். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை முதுகைப் பார்த்துச் சொன்னார். ஒப்புரவுக்கூண்டில் நடுவே திரையிட்டிருப்பதன் அருமை எங்களுக்கு அன்றுதான் சரியாக விளங்கியது. காற்றில் பாதிச் சொல் பறந்துபோனது. மீதியைக் கேட்க வண்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

“தொண்ணூறிலை நேர்ந்தனான், தம்பி. காணி திரும்பக் கிடைச்சால் முதல் வெங்காயத்தைக் கொண்டுபோய் மாதாவுக்கு வைப்பன் எண்டு. கிடைக்கேல்லை. அதாலைதான் மடுவுக்குப் போகேல்லை. பிறகு அவவிலை கோபம். பிறகு கோயிலுக்கும் போக மனம் வரேல்லை.”

முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கோபம். உபதேசம் செய்ய எமக்கு வாய் வரவில்லை. வெள்ளாங்குளத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது, மேற்கே தேவன்பிட்டிப் பக்கத்தைக் காட்டினோம். 2008 ஏப்ரலில் மடுவைச் சுற்றிச் சண்டை நெருங்கியபோது மாதாவின் சுரூபத்தைக் குருமார் அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் சுரூபம் மடு திரும்பியது. அதற்கு முந்திய கதையும் இருக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, 1670 இல் மாந்தைச் சனம் அந்தச் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போனதால்தான் மடுவே வந்தது.

தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அவவும் இரண்டு தரம் ஓடினவ” என்றார். பிறகு பையைத் திறந்து காட்டினார். குத்தகைக் காணியில் விளைந்த ஒரு பிடி சின்ன வெங்காயம். காணி கிடைக்காமலே கொண்டுவந்திருந்தார்!

எம்மாவுக்குப் போன சீடர்கள் இருவரை லூக்கா நற்செய்தியில் படிக்கிறோம். நம்பியது நடக்கவில்லை என்ற துக்கத்தில் எருசலேமை விட்டு நடந்தவர்கள் அவர்கள். அவர்கள் போன திசை பிழை என்று ஆண்டவர் வழிமறிக்கவில்லை. கூடவே நடந்து, முதலில் அவர்களுடைய மனக்குறையைச் சொல்ல வைத்தார்.

கட்டுக்கரைக்குளத்துப் பக்கமாக வரும்போது, விதைப்புக்குக் காத்துக்கிடந்த வயல்களைப் பார்த்து மண்ணைப்பற்றி நிறையக் கதைத்தார். மடுவில் திருவிழாக் கூட்டம் இல்லை. குரங்குகளும் காட்டுக் காற்றும்தான். 1990 இன் பின் ஆயிரக்கணக்கான அகதிகள் தஞ்சமிருந்த வளவு அது. 1999 நவம்பரில் எறிகணை விழுந்து தஞ்சமிருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதும் அங்கேதான். அவர் உள்ளே போய் வெங்காயத்தை வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தார். என்ன செபித்தார் என்று நாம் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு வண்டி வாங்க லீசிங் எடுக்க ஓடவேண்டாம். தவணை கட்டமுடியாமல் வண்டியும் போய் நிம்மதியும் போன வீடுகளை நாம் நன்றாக அறிவோம். அயலவரின் வண்டியில் பெற்றோலைப் பங்குபோட்டுப் போகலாம். செயினையும் ரயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும். அதற்குள்ளும் பேச்சுக் கேட்கும்.

திரும்பும் வழியில் பூநகரியில் நின்றபோது, “கொஞ்சத் தூரம் நான் ஓடட்டே?” என்று கேட்டார். சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றோம். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். செல்லுபடியானதுதான். எங்களில் மூத்தவர் பின்னால் ஏறிக்கொண்டார். அவருக்கும் வீட்டில் பல கவலைகள். முன்னே போன வண்டியில் அவர் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே போவது தெரிந்தது. நாவற்குழிவரை என்ன பேசினார்கள் என்பதை இருவரும் இன்றுவரை எமக்குச் சொல்லவில்லை.