கன்னியர் மடப் பாடசாலைகளும் பிற சமயப் பெண்பிள்ளைகளும்

மகளைக் கொன்வென்ட்டில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லும் பெற்றோரின் குரலில் ஒரு பெருமிதம் தொனிப்பதை யாழ்ப்பாணத்தில் இன்றும் கேட்கலாம். ஒழுங்கு, ஆங்கிலம், பாதுகாப்பு, நல்ல பெறுபேறு ஆகிய நான்கும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுவதாக நம்மவர் கருதுகின்றனர். எனினும் அப்பெற்றோர் சைவராகவோ முஸ்லிம்களாகவோ இருப்பின், அப்பெருமிதத்தின் அடியில் வாய்விட்டுக் கேட்கப்படாத கேள்வியொன்றும் இருக்கவே செய்கிறது. பிள்ளை படித்து வருவாள். ஆனால் நம் பிள்ளையாகவே திரும்பி வருவாளா என்பதே அக்கேள்வி. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு வயதுடைய இக்கேள்விக்கு நமது சமூகம் கண்ட விடைகளையும், இன்னும் காணாத விடையையும் இங்கு ஆராய்வது பயனுடையதாகும்.

யாழ்ப்பாணத்தில் பெண்கல்விக்கு முதலில் வழி திறந்தவர்கள் புரட்டஸ்தாந்து மிஷனரிமாரே. அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது. 1834இல் வெஸ்லியன் மிஷனின் வேம்படிப் பாடசாலை தோன்றியது. கத்தோலிக்கரின் முயற்சி இவற்றுக்குப் பிந்தியது. பிரான்சின் போர்தோ நகரில் 1820இல் பியேர் நோவாய் அடிகளாரால் நிறுவப்பட்ட திருக்குடும்ப சபையின் கன்னியர்கள், ஆயர் செமேரியாவின் அழைப்பை ஏற்று 1862இல் யாழ்ப்பாணம் வந்தனர். யாழ். திருக்குடும்பக் கன்னியர் மடத்தின் வரலாறு அவர்களோடு பின்னிப் பிணைந்தது. கடல் கடந்து, மொழி அறியாது வந்த பெண்கள் இந்த மண்ணின் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் தையலும் இசையும் கற்பித்தனர் என்பது, அவர்களது சமய நோக்கம் எதுவாக இருந்தபோதிலும், மறுக்கவியலாத வரலாறு.

அந்தச் சமய நோக்கத்தை அன்றைய சைவர்கள் கண்டுகொள்ளாதிருக்கவில்லை. மிஷன் பாடசாலையிற் பயின்று அங்கேயே கற்பித்தவரான ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்தார். 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பாடசாலைகளைத் திறந்ததோடு, அவற்றுக்கான ஆசிரியர்களைப் பயிற்றத் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலையையும் நடத்தியது. இராமநாதன் அதே திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்திலேயே 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. முஸ்லிம்களிடையே சித்தி லெப்பை இதே கவலையை உணர்ந்து கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை கண்டார். அச்சம் இவ்வாறு ஆக்கமாயிற்று. பிறர் கட்டிய பாடசாலையைத் தூற்றுவதோடு நில்லாமல் தமக்கென ஒன்றைக் கட்டியெழுப்பிய அப்பெரியோரின் வழி முதலாவது விடையாகும்.

எனினும் தமக்கெனப் பாடசாலைகள் எழுந்த பின்னரும் கொன்வென்ட்டின் வாயிலில் பிற சமயப் பெற்றோர் நின்றுகொண்டே இருந்தனர். இதற்கான காரணத்தை அப்பாடசாலைகளின் அன்றாட வாழ்க்கையிலேயே தேட வேண்டும். மணி அடித்ததும் வரிசை, காலைச் செபம், மடிப்புக் குலையாத வெள்ளைச் சீருடை, நகம் முதல் கூந்தல் பின்னல் வரை சோதிக்கும் மாணவ தலைவியர், இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி, ஆங்கில நாடகம், பாண்ட் வாத்தியம், மாலையில் விடுதிப் பிள்ளைகளின் அமைதியான படிப்பு நேரம். இவற்றிற் பல இன்று எல்லாப் பாடசாலைகளிலும் உண்டு. ஆயினும் பெண்கள் மாத்திரமே பயிலும் பாடசாலையில் தலைமை ஏற்பவரும் பெண், ஆய்வுகூடத்தில் முன்னிற்பவரும் பெண், விவாத மேடையில் எதிர்த்துப் பேசுபவரும் பெண். திருமணம் செய்யாது கல்விக்கே வாழ்வை ஒப்படைத்த கன்னியர் ஒருவர் அதிபராக இருந்து ஒரு நிறுவனத்தையே நடத்துவதைச் சிறுமியர் நாள்தோறும் கண்டனர். பாடநூலில் இல்லாத பெரும் பாடம் அதுவே எனலாம்.

இப்பாடசாலைகளின் சட்ட நிலையையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அரச உதவி பெற்ற பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. சில பாடசாலைகள் மட்டும் அரச நன்கொடையை இழந்து, தனியார் பாடசாலைகளாகவே நீடிக்கத் துணிந்தன. பிற்காலத்தில் அவ்வாறான பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர் சம்பளத்தை அரசு பொறுப்பேற்றது. ஆகவே நம் நாட்டின் 'தனியார்' கத்தோலிக்கப் பாடசாலை பலவேளைகளில் பாதி பொதுச் சொத்தே. அதன் கட்டடம் சபைக்குரியது. கற்பிப்பவரின் ஊதியத்தில் எல்லாச் சமயத்தவரின் வரிப்பணமும் கலந்திருக்கிறது.

1960இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, கொழும்பு சென். பிரிஜெட் கொன்வென்ட்டின் பழைய மாணவி. கன்னியரிடம் பயின்ற அவர் பௌத்தராகவே வாழ்ந்தார். உலகின் முதலாவது பெண் பிரதமருமானார். தமக்குக் கல்வி தந்த அமைப்பு முறையின் மீதே கை வைக்கவும் செய்தார். கொன்வென்ட்டிற் படித்த பெண் தன் சமயத்தையும் சிந்தனையையும் இழந்துவிடுவாள் என்ற அச்சத்துக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேண்டுவதில்லை.

ஆயினும் தனியொருவரின் உறுதியை மட்டும் நம்பி இலட்சக்கணக்கான பிள்ளைகளை விட்டுவிட முடியாது. இதனாலேயே க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடமாக இருப்பது முக்கியத்துவம் பெறுகிறது. சைவ மாணவி சைவநெறியையும், முஸ்லிம் மாணவி இஸ்லாத்தையும், கத்தோலிக்க மாணவி கத்தோலிக்கத் திருமறையையும் கற்றுப் பரீட்சை எழுத நமது கல்வி முறை இடமளிக்கிறது. ஆனால் பாடத்திட்டத்தில் இடமிருப்பது வேறு. பாடசாலையில் அதற்கொரு ஆசிரியரும் அறையும் நேரமும் இருப்பது வேறு. ஒரு வகுப்பில் இரண்டே முஸ்லிம் மாணவிகள் இருப்பின், சமயப் பாடவேளையில் அவர்கள் நூலகத்தின் மூலையில் அமர்த்தப்படுகிறார்களா, அல்லது கற்பிக்கப்படுகிறார்களா என்பதிலேயே அந்தப் பாடசாலையின் மனம் வெளிப்படுகிறது.

கன்னியர் தரப்புக்கு நேர்ந்த அநீதியையும் நாம் மறந்துவிடலாகாது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதென 2003இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. கல்விப் பணியும் சமயப் பரப்புரையும் ஒன்றிணைவது மத மாற்றத்துக்கு வழிவகுக்கலாம் என்பதும், பௌத்தத்துக்கு முதன்மை தரும் 9ஆம் உறுப்புரையும் அத்தீர்மானத்தில் இடம்பெற்றன. அச்சபையின் கன்னியர்கள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டனர். அவர்களது சமயச் சுதந்திரமும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டன என 2005 ஒக்டோபரில் அக்குழு கருத்துரைத்தது. ஆதாரமின்றி, ஐயத்தின் பேரில் மட்டும், கற்பிப்பவரின் சமயத்தைக் குற்றமாக்கக் கூடாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

இந்தப் படிப்பினை இருபுறமும் கூரான வாள் போன்றது. ஆதாரமற்ற ஐயத்திலிருந்து கன்னியருக்குப் பாதுகாப்பு வேண்டுமெனில், அதே பாதுகாப்பு அவர்களிடம் பயிலும் சிறுமிக்கும் வேண்டும். கேரளத் தலைநகர் திருவனந்தபுரத்திலுள்ள கத்தோலிக்கப் பாடசாலையொன்றில் தலைமறைப்பும் நீண்ட கைச் சட்டையும் அணிய இரு முஸ்லிம் மாணவியர் அனுமதி கோரிய வழக்கில், நிறுவனத்தின் பரந்த உரிமைக்கு முன் தனிநபரின் உரிமை மேலோங்காது என 2018 டிசெம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடசாலை வழக்கில் வென்றது. ஆனால் நீதிமன்றத்தில் வென்ற பாடசாலை, அச்சிறுமியரின் உள்ளத்தில் எதனை வென்றது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. இலங்கையிலோ, முஸ்லிம் மாணவியருக்கான தலைமறைப்போடு கூடிய சீருடை அரச பாடசாலைகளில் நெடுங்காலமாக ஏற்கப்பட்டுள்ளது. இந்த நல்ல வழமையைத் தனியார் பாடசாலைகளும் மனமுவந்து கைக்கொள்வதால் அவற்றின் கத்தோலிக்கத் தனித்துவம் எள்ளளவும் குன்றாது.

வடபுலத்தில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாணம் தன் மக்களில் ஒரு பகுதியினரை மட்டுமன்றி, வகுப்பறையில் அருகருகே அமர்ந்து வளரும் பழக்கத்தையும் இழந்தது. 2009இன் பின் திரும்பி வந்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு எந்தப் பாடசாலையின் கதவு எவ்வளவு அகலத் திறக்கிறது என்பது நல்லிணக்கம் பற்றிய மேடைப் பேச்சுகளைவிட முக்கியமானது.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய சீர்திருத்தம் எதனையுமன்று. அனுமதி வழங்கும் நாளிலேயே ஒவ்வொரு பாடசாலையும் சில விடயங்களை எழுத்தில் தெளிவுபடுத்தட்டும். காலைச் செபத்தின்போது பிற சமயப் பிள்ளை மௌனமாக நிற்கலாமா? அவளது சமயத்தைக் கற்பிப்பவர் யார்? உடையிலும் நோன்புக் காலத்திலும் சமய விழா நாட்களிலும் அவளுக்குரிய சலுகை யாது? எழுதி வைத்த வாக்குறுதி அதிபர் மாறினாலும் மாறாது. மனத்திலிருக்கும் நல்லெண்ணத்துக்கு அவ்வுறுதி இல்லை. பெற்றோரும் தம் பங்குக்கு, பாடசாலை தன் சமயத்தின்படி செபிப்பதையும் சிலுவையைச் சுவரில் வைத்திருப்பதையும் அச்சுறுத்தலாகக் கொள்ளலாகாது. கத்தோலிக்கப் பாடசாலை என அறிந்தே நாம் பிள்ளையைச் சேர்க்கிறோம்.

தன் நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் பிள்ளையின் நம்பிக்கையைக் காத்துக்கொடுப்பதே ஒரு சமயப் பாடசாலையின் உண்மையான பெருமை. அந்தப் பெருமையை நாடும் கன்னியர் மடங்களுக்குச் சைவரும் முஸ்லிம்களும் துணைநிற்க வேண்டும். அதனைக் கேட்டுப் பெறவும் தயங்கலாகாது.