ஒரே திருமேனியில் துறவியும் அரசனும்

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள சங்கரன்கோவில், பழைய ஆவணங்களில் சங்கரநயினார்கோவில் என்று குறிக்கப்படும் ஊராகும். ஒன்பது நிலைகளுடன் ஏறத்தாழ 125 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரத்தைக் கடந்து உட்சென்றால், ஒருபுறம் இலிங்க வடிவில் சங்கரலிங்கரும், மறுபுறம் கோமதியம்மனும், இருவருக்கும் நடுவே வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணரும் தனித்தனிச் சந்நிதிகளில் எழுந்தருளியுள்ளனர். தெய்வத் திருவுருவங்கள் யாவும் தத்துவங்களின் குறியீடுகள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அந்தக் கூற்று எவ்வளவு தூரம் பொருந்துகிறது, எந்த இடத்தில் போதாமல் போகிறது என்பதை அறிய இந்த நடுச் சந்நிதித் திருமேனியை விடத் தக்க சான்று கிடைப்பது அரிது.

திருவுருவம் வடிக்கும்போது உச்சியிலிருந்து பாதம் வரை நேராக இறங்கும் நடுக்கோட்டைச் சிற்பிகள் பிரம்மசூத்திரம் என்பர். மற்ற உருவங்களில் இது அளவு பிசகாமல் காக்கும் நூல் மட்டுமே. சங்கரநாராயணர் வடிவத்திலோ இரண்டு தெய்வங்களின் எல்லையே அதுதான். கோட்டுக்கு வலப்புறம் பிறை சூடிய சடைமுடி, நெற்றியில் திருநீறு, மார்பில் உருத்திராக்கம், கையில் மழு, இடையில் புலித்தோல் ஆகியவை அமைய, இடப்புறம் மணிமகுடம், திருநாமம், துளசி மாலை, சங்கு, பீதாம்பரம் எனப்படும் மஞ்சள் பட்டு ஆகியவை அமைகின்றன. இவற்றைத் தனித்தனியே பொருள்கொள்வது சைவ, வைணவ மரபுகள் இரண்டிலும் வழக்கமானதே. எல்லாம் எரிந்து முடிந்தபின் எஞ்சுவது நீறு என்பதால் திருநீறு நிலையாமையையும், உயிரைப் பிணிக்கும் பாசத்தை அறுப்பதால் மழு விடுதலையையும், ஓங்கார நாதத்தை எழுப்புவதால் சங்கு படைப்புக்கு மூலமான ஒலியையும் குறிப்பதாக விளக்குவர்.

ஆயினும் இவ்வாறு அகராதி போல் ஒவ்வொன்றாகப் பொருள் சொல்லிச் செல்லும்போது உருவத்தின் முழுமை நழுவிவிடுகிறது. சடைமுடி உலகைத் துறந்தவனுடையது; மணிமகுடம் உலகைக் காக்கும் அரசனுடையது. சுடலையில் ஆடுபவனும் பாற்கடலில் திருமகளோடு பள்ளி கொள்பவனும் ஒரே தலையில், ஒரே கோட்டில் சந்திக்கின்றனர் என்பதே இங்கு முதலில் கவனிக்கத்தக்கது. அதைவிட முக்கியமானது, இரண்டு பாதிகளும் ஒன்றில் ஒன்று கரைந்து மூன்றாவது ஒரு வடிவமாக மாறிவிடவில்லை என்பதாகும். சடை பாதி மகுடமாக இளகுவதில்லை. புலித்தோலில் பட்டின் சாயல் ஏறுவதில்லை. சமரசம் என்றாலே வேறுபாடுகளைத் தேய்த்து மழுக்குவது என்று கருதும் பொதுப்புத்தியிலிருந்து இவ்வடிவம் வெகுதூரம் விலகி நிற்கிறது.

திருமாலுக்கு இடப்பாகம் வழங்கப்பட்டதற்குச் சைவ மரபில் ஒரு காரணம் உண்டு. உமையொருபாகனாகிய அர்த்தநாரீசுவர வடிவத்தில் அம்பிகை இருப்பது அதே இடப்பாகத்தில்தான். சிவனின் சக்திகளுள் ஒன்றாகத் திருமாலைக் கொள்ளும் கருத்து பழமையானது; அப்பர் பெருமான் திருவையாற்றுப் பதிகம் ஒன்றில் திருமாலையே இறைவனின் தேவியாகச் சுட்டியுள்ளார். வைணவத் தரப்பிலும் இதற்கு எதிரொலி உண்டு. பேயாழ்வார் தமது மூன்றாம் திருவந்தாதியில் திருமலையில் நிற்கும் பெருமானிடம் சடையும் முடியும் ஒருங்கே பொருந்தியிருப்பதாகப் பாடியிருக்கிறார். இரு சமயத்தாரும் கடுமையாக வாதிட்டுக்கொண்ட காலங்களிலும் இந்த இழை அறுபடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வடிவத்தின் குறியீடு நாள்தோறும் நடக்கும் பூசைக்குள் புகும்போது நடைமுறைச் சிக்கல் ஒன்று எழுகிறது. சிவன் அபிடேகப் பிரியர் என்றும் திருமால் அலங்காரப் பிரியர் என்றும் கூறுவது மரபு. ஒருவர் நீராட்டை விரும்புபவர், மற்றவர் ஆடை அணிகளை விரும்புபவர். ஒரே திருமேனியில் இருவரும் நிற்கும்போது யாருக்கு ஏற்ப வழிபடுவது? சங்கரன்கோவில் கண்ட விடை நுட்பமானது. அச்சந்நிதியில் உள்ள சந்திரமௌலீசுவரர் என்னும் படிக இலிங்கத்துக்கே அபிடேகம் செய்யப்படுகிறது. சங்கரநாராயணர் திருமேனிக்கு அலங்காரம் உரியதாகிறது. வழிபடுவோருக்குத் துளசி தீர்த்தமும் திருநீறும் ஒரே சந்நிதியில் வழங்கப்படுகின்றன. ஏட்டில் ஒருமை பேசுவது எளிது. இரண்டு வழிபாட்டு முறைகளில் எதையும் கைவிடாமல் அன்றாடம் நடத்திக்காட்டுவதே கடினம்.

அரிகரன் என்று வடமொழி மரபில் அறியப்படும் இவ்வடிவம் சங்கரன்கோவிலுக்கு மட்டும் உரியதன்று. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாதாமிக் குடைவரைகளிலும், மாமல்லபுரத்துத் தர்மராச ரதத்திலும் இது செதுக்கப்பட்டுள்ளது. கர்நாடகத்தின் அரிகர் என்ற ஊருக்குப் பெயர் தந்த அரிகரேசுவரர் கோயில் போசளர் காலமாகிய 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கம்போடியாவில் அங்கோர் நகரம் தோன்றுவதற்கு முன்பே அரிகரன் சிலைகள் வடிக்கப்பட்டன. சாவகத்தில் மயபாகித்து அரசை நிறுவிய கர்த்தராசன் மறைந்தபின், அவனையே அரிகரனாக வடித்த சிலை ஒன்று இன்று ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்கெல்லாம் அரசாட்சியோடு பிணைந்த இவ்வடிவம், சங்கரன்கோவிலில் இரண்டு பாம்புகளின் சச்சரவோடு பிணைந்திருக்கிறது.

தலபுராணத்தின்படி, சங்கன் என்னும் நாகம் சிவனே உயர்ந்தவர் என்றும், பதுமன் என்னும் நாகம் திருமாலே உயர்ந்தவர் என்றும் வாதிட்டு, தீர்ப்புக்காக அம்பிகையிடம் சென்றன. இருவரும் ஒருவரே என்பதை உலகம் காணும்படி காட்டியருள வேண்டும் என்று அம்பிகை இறைவனை வேண்ட, அவர் பொதிகைச் சாரலை ஒட்டிய புன்னை வனத்தில் தவமிருக்கும்படி பணித்தார். தேவமாதர் பசுக்களாக உடன்வந்தமையால் அம்பிகைக்கு, பசுக்களையுடையவள் என்னும் பொருளில், கோமதி என்றும் ஆவுடையம்மை என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இக்கதையில் வழக்காடுவதற்கு முனிவர்களையோ தேவர்களையோ வைக்காமல் நாகங்களை வைத்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. சிவன் பாம்பை அணிகலனாகப் பூண்டவர்; திருமால் பாம்பைப் படுக்கையாகக் கொண்டவர். இருவருக்கும் பொதுவாக அமைந்த உயிரே இருவருள் யார் பெரியவர் என்று பூசலிடுவதாகப் புனைந்ததில், அந்தப் பூசலின் பொருளற்ற தன்மை கதைக்குள்ளேயே சொல்லப்பட்டுவிடுகிறது.

இந்தப் புராணமே ஆண்டுதோறும் ஆடித்தபசு என்னும் திருவிழாவாக ஊர் வீதியில் நடத்தப்படுகிறது. அம்மன் சந்நிதியில் கொடியேறிப் பன்னிரண்டு நாள் நடைபெறும் இவ்விழாவில், ஆடி மாதத்து உத்திராட நட்சத்திரத்தன்று தவக்கோலத்தில் கோமதியம்மன் சப்பரத்தில் புறப்பட்டுத் தெற்கு ரத வீதியில் உள்ள தபசு மண்டபத்துக்கு எழுந்தருள்கிறார். மாலையில் சங்கரநாராயணர் விடை வாகனத்தில் வந்து காட்சி கொடுக்கும்போது, சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல், நெல் முதலியவற்றைச் சப்பரத்தை நோக்கிச் சூறைவிடுகின்றனர். அதாவது, காணிக்கையாக அள்ளி வீசுகின்றனர். தத்துவ நூல்களில் இடம்பெறாத இந்தச் செயலால், சிவனும் திருமாலும் ஒன்றாகும் வேளை கரிசல் காட்டு வெள்ளாமையின் வேளையாகவும் ஆகிவிடுகிறது.

விழா அத்துடன் முடிவதில்லை. ஒன்றிய வடிவைக் கண்டபின், இறைவனை அவருக்கே உரிய பழைய வடிவிலும் காண வேண்டும் என்று அம்பிகை விரும்பியதாகப் புராணம் தொடர்கிறது. ஆகவே இரவில் சங்கரலிங்கர் யானை வாகனத்தில் வந்து இரண்டாவது காட்சி அருள்கிறார். ஒற்றுமையை நிறுவியதோடு கதையை முடித்திருந்தால் அது வெறும் அறிவுரையாகப் போயிருக்கும். தனக்கு உரியவரைத் தனக்கு உரிய வடிவில் காண வேண்டும் என்ற அம்பிகையின் விருப்பத்துக்கும் இடம் கொடுத்ததில்தான் இப்புராணத்தின் மனித இயல்பு வெளிப்படுகிறது.

வழிபடுவோரில் பலருக்கு இந்த விளக்கங்களை விடவும் நெருக்கமானது கோயில் பிரசாதமாகிய புற்றுமண். நாகங்கள் வழிபட்ட தலம் என்பதால் இங்குள்ள புற்றின் மண் சரும நோய்களையும் நச்சுக்கடியையும் தணிக்கும் என்று நம்பி, நெற்றியில் இட்டும் வீட்டில் வைத்துப் பேணியும் வருகின்றனர். பாம்பு, தேள் போன்ற உருவங்களைத் தகட்டில் வாங்கி உண்டியலில் செலுத்தும் வழக்கமும் உண்டு. தென்பாண்டி நாட்டின் ஐம்பூதத் தலங்களுள் சங்கரன்கோவில் நிலத்துக்கு உரியதாகவும், கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும், தேவதானம் ஆகாயத்துக்கும் உரியனவாகவும் கொள்ளப்படுகின்றன. நெருப்பும் காற்றும் ஆகாயமும் எடுத்துச் செல்ல இயலாதவை; சங்கரன்கோவிலுக்கு வருவோரோ தலத்துக்குரிய பூதத்தையே பொட்டலமாகக் கட்டி ஊருக்குக் கொண்டுபோகின்றனர்.