ஐடி வாத்தியார், லேப்டாப், லிவர்பூல்: மைக்கேல் எட்வர்ட்ஸோட பாதை

நம்ம ஷோவுக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "எனக்கு ஃபுட்பால்னா உயிரு, ஆனா பெரிய பிளேயர் இல்ல. ஒரு கிளப்ல வேலைக்குப் போக வழி இருக்கா?" இதுக்குப் பதிலா ஒருத்தரோட கதையைச் சொல்றேன். மைக்கேல் எட்வர்ட்ஸ். லிவர்பூல் 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் பிரீமியர் லீக் ஜெயிச்சப்போ அங்க ஸ்போர்ட்டிங் டைரக்டரா இருந்தவர்.

அப்படின்னா என்ன வேலை? கோச் அடுத்த சனிக்கிழமை மேட்ச்சைப் பார்ப்பாரு. இவர் மூணு வருஷம் கழிச்சு இருக்கப்போற டீமைப் பார்க்கணும். யாரை வாங்கணும், யாரை விக்கணும், யாருக்கு எவ்வளவு சம்பளம், எல்லாம் இவர் மேஜைக்கு வரும். ஐபிஎல் ஏலம் மாதிரி ரெண்டு நாள்ல முடியாது, வருஷம் முழுக்க ஓடும்.

எட்வர்ட்ஸ் சின்ன வயசுல பீட்டர்பரோ கிளப்போட இளைஞர் அணியில ஆடினாரு. முதல் அணிக்கு வரவே இல்ல, கிளப் அனுப்பிடுச்சு. அப்புறம் ஷெஃபீல்டு யுனிவர்சிட்டியில பிசினஸும் இன்ஃபர்மேட்டிக்ஸும் படிச்சாரு. கொஞ்ச நாள் ஸ்கூல்ல ஐடி வாத்தியார். 2003-ல் புரோஜோன்ங்கிற கம்பெனி மூலமா போர்ட்ஸ்மவுத் கிளப்புக்குள்ள நுழையறாரு. ஸ்டேடியத்தைச் சுத்தி கேமரா வச்சு, ஒவ்வொரு பிளேயரும் எங்க ஓடினான், எங்க பந்தை விட்டான்னு கணக்கெடுக்கிற சிஸ்டம் அது. அன்னிக்கு அதை மதிச்சவங்க ரொம்பக் கம்மி. ஆனா அந்த வேலையில இருந்தா தினமும் கோச், பிளேயர்ஸ் பக்கத்துலயே இருக்கலாம். யாருக்கு எதை எப்படிச் சொன்னா காதுல ஏறும்னு அவர் அங்கதான் கத்துக்கிட்டிருக்கணும். இது என்னோட ஊகம்தான்.

2009-ல் டாட்டன்ஹாம், 2011-ல் லிவர்பூல். அங்க டிரான்ஸ்ஃபர் முடிவெடுக்க ஒரு கமிட்டி வச்சிருந்தாங்க. "லேப்டாப் பசங்க ஃபுட்பாலைக் கெடுக்கறாங்க"ங்கிற மாதிரி பிரிட்டிஷ் பத்திரிகைகள் கிழிச்சு எடுத்தாங்க. 2015-ல் லிவர்பூல் ரெண்டு ஃபார்வர்டு வாங்குச்சு. மேனேஜர் பிரெண்டன் ராட்ஜர்ஸ் கேட்டது பென்டெகே, 3.25 கோடி பவுண்டு. கமிட்டி விரும்பினது ஃபிர்மினோ, 2.9 கோடி. அப்போ பரவலா வந்த செய்தி இது. பென்டெகே ஒரே வருஷத்துல கிளம்பிட்டாரு. ஃபிர்மினோ 8 வருஷம் இருந்தாரு.

2016 நவம்பர்ல எட்வர்ட்ஸ் ஸ்போர்ட்டிங் டைரக்டர். அடுத்த கோடையில சலா. செல்சீயில சரியா வாய்ப்பு கிடைக்காம போனவர்னு இங்கிலாந்துல அவருக்கு ஒரு முத்திரையே இருந்துச்சு. எட்வர்ட்ஸும் ஸ்கவுட் டீமும் விடாம காதுல ஓதிக்கிட்டே இருந்தாங்கன்னு கோச் யூர்கன் கிளாப்பே பிறகு வெளிப்படையா சொன்னாரு. முதல் சீசன்லயே சலா 44 கோல்.

எல்லாரும் இதை டேட்டா ஜெயிச்ச கதையா சொல்வாங்க. பாதி உண்மை. கேம்பிரிட்ஜ்ல தியரட்டிக்கல் ஃபிசிக்ஸ்ல பிஎச்டி பண்ண இயன் கிரஹாம்தான் அங்க அந்தக் கணக்கு டீமை உருவாக்கினவர். என்னைக் கேட்டா, எட்வர்ட்ஸோட தனித் திறமை விக்கிறதுல இருக்கு. 85 லட்சம் பவுண்டுக்கு வாங்கின கூட்டினியோவை 2018 ஜனவரியில பார்சிலோனாவுக்கு 14 கோடிக்கு மேல போகக்கூடிய டீலுக்கு வித்தாங்க. அது பெரிய பேரு, ரசிகர்கள் கொதிச்சாங்க. அதை விட எனக்குப் பிடிச்சது சின்ன விற்பனைகள்: ஜோர்டன் ஐபுக்கு 1.5 கோடி, சொலாங்கிக்கு 1.9 கோடி. ரெண்டுமே போர்ன்மவுத்துக்கு. இப்படிச் சேர்ந்த காசுதான் வான் டைக், அலிசன் மாதிரி ஆளுங்களை வாங்கத் தெம்பு கொடுத்துச்சு.

சரி, இந்தப் பாதையில நீங்க போக முடியுமா? அதே பாதையில முடியாது. 2003-ல் அனலிஸ்ட்னா யாருக்கும் தெரியாது, போட்டி கம்மி. இப்போ அந்த வேலைக்கே மாஸ்டர்ஸ் முடிச்சவங்க வரிசையில நிக்கறாங்க. அவர்கிட்ட இருந்து எடுத்துக்க வேண்டியது அந்த வேலையை இல்ல. இன்னும் யாரும் மதிக்காத ஒரு வேலையில சீக்கிரமே போய் உட்கார்ந்தாரே, அதை.

பத்து வருஷத்துக்கு மேல ஒரே கிளப்ல இருக்க மாட்டேன்னு முன்னாடியே முடிவு பண்ணியிருந்தவர், 2022-ல் வெளியேறினாரு. 2024 மார்ச்ல லிவர்பூலோட முதலாளிகளான ஃபென்வே கம்பெனிக்கே ஃபுட்பால் பிரிவு சிஇஓவா திரும்பினாரு. இன்னொரு கிளப்பையும் வாங்கி நடத்துவோம்னு அவங்க உறுதி சொன்னது ஒரு காரணம். வந்ததும் ஸ்போர்ட்டிங் டைரக்டரா ரிச்சர்ட் ஹியூஸைக் கொண்டுவந்தாரு. ஹியூஸ் யாரு? எட்வர்ட்ஸ் போர்ட்ஸ்மவுத்ல லேப்டாப் தட்டிக்கிட்டு இருந்தப்போ அந்த டீம்ல மிட்ஃபீல்டர். சொலாங்கியை போர்ன்மவுத் வாங்கினப்போ அங்க டெக்னிக்கல் டைரக்டர். 2025-ல் ஆர்னே ஸ்லாட் கோச்சா இருக்க, லிவர்பூல் மறுபடி லீக் ஜெயிச்சுது.