தலைக்குள் ஓர் அதிர்வு – 7: இரவுத் தூக்கத்துக்குப் பகலில் வைத்தியம்

தலையில் அடிபட்டால், ஸ்கேனில் எதுவும் தெரியாமலேயே மூளை அதிர்ந்திருக்க முடியும் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். ‘எல்லாம் நார்மல்’ என்ற தாளோடு வீடு திரும்புகிறவர்களில் பலரை அடுத்த சில வாரங்களுக்குப் படுத்தி எடுப்பது தூக்கக் கோளாறும் அசதியும்தான். பகலில் கண் சொக்கும். இரவில் புரண்டு புரண்டு படுத்தாலும் தூக்கம் வராது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் பேசினாலே ஆள் துவண்டுவிடுவார். நம் வீடுகளில் இதற்கென்று ஒரு வைத்தியமுறை எழுதப்படாமலேயே இருக்கிறது. அடிபட்ட அன்று இரவு தூங்கவே விடுவதில்லை. மறுநாளிலிருந்து எழுந்திருக்கவே விடுவதில்லை. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ‘பேசாம படு’ என்று வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். இரண்டும் அக்கறையில் பிறந்தவை. ஆனாலும் முதலாவது இப்போது பெரும்பாலும் தேவையில்லை; இரண்டாவது நேரடியாகவே கெடுதல் செய்கிறது. முதல் இரண்டு நாளுக்குப் பிறகு, கெட்டுப்போன இரவுத் தூக்கத்தை மீட்டுத் தருவது பகல் வெளிச்சம், அளவான நடமாட்டம், தவறாத விழிக்கும் நேரம் ஆகிய மூன்றும்தான். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆய்வுகள் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன.

முதல் இரவுப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் கசியும்போது, அடிபட்டவர் சில மணி நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு நினைவிழப்பார். தூங்குகிறார் என்று வீட்டார் விட்டுவைத்த நேரத்தில் உயிர் போயிருக்கும். ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில், விழித்திருக்க வைப்பது ஒன்றுதான் கையிலிருந்த சோதனை. மருத்துவர் பார்த்து, ஆபத்தில்லை என்று அனுப்பிய பிறகு அந்த நியாயம் கிடையாது. தூக்கம் மூளைக்குக் கெடுதல் செய்வதில்லை. வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் சோர்ந்தாலோ, உலுக்கி எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் தாராளமாகத் தூங்கட்டும்.

இனி அசதிக்கு வருவோம். அதிர்வின்போது நரம்பணுக்களின் சவ்வு குலைந்து, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே பாய்கிறது. இதைப் பழைய நிலைக்கு இழுத்துக்கொண்டுவர அணுக்களின் அயனி பம்புகள் ஓயாமல் ஓட வேண்டும். அதற்கு ஏராளமான குளுக்கோஸ் வேண்டும். சோதனை என்னவென்றால், சரியாக அதே நேரத்தில்தான் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிஸாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001-இல் இந்த ஆற்றல் நெருக்கடியைத் தொகுத்து எழுதினார்கள். ‘சோம்பேறித்தனம்’, ‘சாக்கு’ என்று காதுபடப் பேசும் உறவினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. தேவை ஏறி, வரவு இறங்கிய அந்த நாட்களில் மூளை அசந்துபோவது இயல்பு. ஆனால் விலங்கு ஆய்வுகளில் இந்த நெருக்கடி ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடுகிறது. மூன்றாவது மாதத்திலும் தொடரும் அசதிக்கு இதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இடையில் வேறு ஏதோ சேர்ந்துகொள்கிறது. அதில் நாம் செய்து வைப்பதும் அடக்கம்.

ஓய்வுதான் மருந்து என்ற எண்ணம் மருத்துவர்களிடமிருந்து வந்ததுதான். வீட்டாரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்வு பற்றி நிபுணர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி ஒருமித்த கருத்தை வெளியிடுகிறார்கள். 2008-இல் சூரிக்கில் கூடியவர்கள், அறிகுறிகள் போகும்வரை உடலுக்கும் மூளைக்கும் ஓய்வு என்பதையே சிகிச்சையின் மூலைக்கல்லாக வைத்தார்கள். தர்க்கம் சரியாகத்தான் தோன்றியது. ஆனால் அதற்குப் பின்னால் வலுவான பரிசோதனை ஏதும் அப்போது இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து, 2015-இல் வெளியான ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. அவசரப் பிரிவுக்கு வந்த 11 முதல் 22 வயதுக்காரர்களில் ஒரு பாதிக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வு. மறு பாதிக்கு வழக்கம்போல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாக நடமாட்டம். முடிவுவரை இருந்தவர்கள் 88 பேர். கண்டிப்பான ஓய்வில் இருந்தவர்கள்தான் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். அவை தணியவும் அவர்களுக்கே கூடுதல் நாளாயிற்று.

அடுத்து பஃபலோ நகரில் ஜான் லெட்டியின் குழு ஒரு படி மேலே போனது. அடிபட்டுப் பத்து நாளுக்குள் வந்த 103 இளம் விளையாட்டு வீரர்களை டிரெட்மில்லில் ஏற்றி, எந்த இதயத் துடிப்பில் தலைவலியும் கிறுகிறுப்பும் கூடத் தொடங்குகின்றன என்று அளந்தார்கள். அந்தத் துடிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் தினம் 20 நிமிடம் ஒரு குழு உடற்பயிற்சி செய்தது. மற்றக் குழு உடம்பை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி மட்டும் செய்தது. முதல் குழு 13 நாளில் தேறியது, இரண்டாவது 17 நாளில். 2019-இல் வெளியான இந்த முடிவை 118 பேரிடம் நடத்திய மறு ஆய்வும் 2021-இல் உறுதிசெய்தது. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் கண்டிப்பான ஓய்வைக் கைவிட்டு, இரண்டு நாள் வரை மிதமான ஓய்வு, அதற்குள்ளாகவே மெல்லிய நடை என்று மாற்றிச் சொன்னார்கள். திரைக்கு மட்டும் அந்த முதல் 48 மணி நேரத்தில் தனிக் கண்டிப்பு வேண்டும். மாசசூசெட்ஸில் 125 பேரிடம் நடந்த ஆய்வில், அந்த நேரம் செல்போனையும் டிவியையும் தவிர்த்தவர்கள் மூன்றரை நாளில் தேற, பார்த்தவர்களுக்கு எட்டு நாளானது. நம் ஊரில் நடப்பதோ தலைகீழ். ஓய்வு என்று படுக்க வைத்து, பொழுது போகட்டும் என்று கையில் செல்போனையும் கொடுத்துவிடுகிறோம்.

இதற்கும் தூக்கத்துக்கும் என்ன தொடர்பு? இரவுத் தூக்கம் இரண்டு காரணங்களால் வருகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத்துக்கான அழுத்தம் சேர்கிறது. பகலில் அடிக்கடி கண்ணயர்ந்தால் அந்தச் சேமிப்பு கரைந்துபோகிறது. மற்றொன்று, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் உடல் கடிகாரம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டுத்தான் அது நேரம் சரிபார்த்துக்கொள்கிறது. இருட்டறையில் நாள் முழுக்கப் படுத்திருப்பவரிடம் இந்த இரண்டும் ஒருசேரக் கெடுகின்றன. அடிபட்டவரின் தூக்க ஒழுங்கு ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கும். ஓய்வு என்ற பெயரில் மிச்சத்தையும் நாம் கலைக்கிறோம். அரிசோனா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கில்கோரின் குழு, லேசான மூளைக்காயம் பட்ட 32 பேரில் ஒரு பகுதியினரைத் தினமும் காலை அரை மணி நேரம் நீல ஒளியின் முன் உட்கார வைத்தது. ஆறு வாரத்தில் அவர்களின் பகல் தூக்கக்கலக்கம் குறைந்தது. இரவில் தூங்கும் நேரமும் முன்னுக்கு நகர்ந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் செலவைப் பாருங்கள்: அங்கே விளக்கு வாங்க வேண்டும், இங்கே மொட்டை மாடிக்கு ஏறினால் போதும்.

‘உடம்பே தூக்கம் கேட்கிறது, எழுப்புவானேன்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆய்வும் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. சூரிக்கில் மூளைக்காயம் பட்ட 60 பேரை ஆறு மாதம் கழித்து அளந்தபோது, 24 மணி நேரத்தில் சராசரியாக 8.1 மணி நேரம் தூங்கினார்கள்; காயம் படாதவர்கள் 7.1 மணி நேரம்தான். அந்த 60 பேரில் பலத்த காயம் பட்டவர்களும் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். தூக்கத் தேவை கூடுவது உண்மை. ஆனால் கூடுவது ஒரு மணி நேரம், நாள் முழுவதும் அல்ல. அந்த ஒரு மணி நேரத்தை இரவு சீக்கிரம் படுத்து எடுத்துக்கொள்ளலாம். அல்லது மூன்று மணிக்கு முன்பாக அரை மணி நேரப் பகல் தூக்கமாக எடுத்துக்கொள்ளலாம். எந்த நேரத்தில் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது. மாலைக்கு மேல் டீ, காபி வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை.

அசதி வேறு, தூக்கக்கலக்கம் வேறு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கலக்கம் தூங்கினால் தீரும். அசதி தூங்கி எழுந்தாலும் தீராது. படுத்தும் தூக்கம் வராத அசதிக்காரரை மேலும் படுக்க வைப்பதால் பயனில்லை. அவர் வேலையைத்தான் துண்டாக்க வேண்டும். கொஞ்சம் தெளிவாக இருக்கும் நாளில் தேங்கிய வேலையையெல்லாம் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் சுருண்டு கிடப்பது, இந்தக் காயத்தில் அடிக்கடி காணும் வழக்கம். நல்ல நாளிலும் மோசமான நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை, களைப்பு வருவதற்கு முன்பே இடைவெளி என்பதுதான் மாற்று. கணக்குப் பார்ப்பதும், கூட்டத்தில் பேச்சு கேட்பதும், சந்தை இரைச்சலும்கூட வேலைதான். எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆம்ஸ்டர்டாம் நிபுணர்கள் ஒரு அளவுகோல் தருகிறார்கள். அறிகுறியைப் பத்துக்கு மதிப்பிட்டால், அது இரண்டு புள்ளிக்கு மேல் கூடாமல், ஒரு மணி நேரத்துக்குள் தணிந்தால் பாதகமில்லை. கொஞ்சம் தலை வலித்த உடனே பயந்து படுக்க வேண்டியதில்லை.

‘இதெல்லாம் பதின்வயது விளையாட்டுக்காரர்களின் கணக்கு; ஸ்கூட்டியிலிருந்து விழுந்த ஐம்பது வயது அம்மாவுக்கு எப்படிப் பொருந்தும்?’ என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அந்த 13 நாளையும் 17 நாளையும் அவருக்கு அப்படியே சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். உடற்பயிற்சியின் அளவை அவருடைய ரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நீண்ட படுக்கை அவருக்கு நல்லது என்று காட்டும் ஆய்வும் இல்லை. தசை இளைப்பும் மனச்சோர்வும் வயது ஏற ஏறச் சீக்கிரமே வந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாத ஓய்வு என்பது தினக்கூலிக்குப் போகிறவரால் எடுக்கவே முடியாத மருந்து. இரண்டு நாள் ஓய்வு, பிறகு குறைத்த வேலை என்றால் அவரும் முயன்று பார்க்கலாம். பகலில் கண் சொக்குகிறவர் வண்டி மட்டும் ஓட்டக்கூடாது. அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

தூக்க மாத்திரைக்கு வருவோம். டயஸிபாம் வகை மாத்திரைகள் ஏற்கெனவே மந்தமாக இருக்கும் நினைவையும் நிதானத்தையும் மேலும் மந்தமாக்கும், பழக்கமும் ஆகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல அது. இப்போது பலரும் பேசும் மெலடோனினின் சாட்சியம் இரு பக்கமும் சாய்கிறது. மெல்போர்னில் 33 பேரிடம் செய்த சிறிய ஆய்வில் 2 மில்லிகிராம் தூக்கத்தின் தரத்தை உயர்த்தியது. கனடாவில் 99 சிறுவர்களிடம் 3 மில்லிகிராமும் 10 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தபோது, அதிர்வுக்குப் பிந்தைய ஒட்டுமொத்த அறிகுறிகளில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட எந்தப் பலனும் இல்லை. மருத்துவர் சொன்னால் சாப்பிடலாம். காலையில் எழும் நேரத்தைக் காப்பாற்றாமல் அதை மட்டும் நம்பக்கூடாது.

ஒரு மாதம் கடந்தும் தூக்கம் திரும்பவில்லையென்றால் கழுத்து வலி, மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் நோய், தலைவலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவதாலேயே வரும் தலைவலி, ரத்தசோகை, தைராய்டு எல்லாவற்றையும் தேட வேண்டும். அடிபட்டதில் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருந்தாலும் தீராத அசதி வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு ஒன்றை எடுத்துப் போவது நல்லது. அதை நோயாளி மட்டும் எழுதினால் போதாது, வீட்டிலிருப்பவர் ஒருவரும் தனியாக எழுத வேண்டும். சூரிக் ஆய்வில் தாங்கள் எவ்வளவு தூங்குகிறோம் என்பதைக் காயம்பட்டவர்களே குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள்.