பித்தளைத் தெளிகருவிகளில் உண்டாகும் வெடிப்பு

நெல்லுக்கும் மரக்கறிப் பயிர்களுக்கும் மருந்து தெளிக்கும் பழைய கருவிகள் பலவற்றில் தாங்கியே பித்தளைத் தகட்டாலானது. பிளாத்திக்குத் தாங்கி கொண்ட கருவிகளிலும் தெளிமுனை, குழல், இணைப்புக்கள் ஆகியன பித்தளையாக இருத்தல் உண்டு. பித்தளை துருப்பிடிக்காது என நம்பிக் கருவியைப் பசளை மூட்டைகளுக்கு அருகே வைத்துவிடுவோர் உளர். அடுத்த போகத்தில் அதனை எடுத்துக் காற்றடிக்கும்போது, தேய்வு எதுவும் காணப்படாத உலோகம் வெடித்து மருந்து ஒழுகலாம். பயிருக்கு நோய் கண்ட வேளையிற் கருவி பயன்படாது போவதோடு, நஞ்சு உடலிற் படுதலும் நேரும்.

வெடிப்பின் காரணம்

பித்தளை, செம்பும் நாகமும் சேர்ந்த கலப்புலோகமாகும். தகட்டை அழுத்தியும் வளைத்தும் உருவாக்கும்போது அதனுள் இழுவிசை தங்கிவிடுகின்றது. அமோனியா வாயு ஈரத்துடனும் காற்றுடனும் சேர்ந்து இத்தகைய பித்தளையைத் தாக்கும். உலோகம் நுண்ணிய மணிகளாலானது. தாக்குதல் பெரும்பாலும் அம்மணிகளின் எல்லை வழியே உட்செல்ல, உள்ளிருக்கும் இழுவிசை அவற்றைப் பிளக்கின்றது. ஆகவே மேற்பரப்பு அதிகம் கெடாதிருக்கவும் வெடிப்பு ஆழமாக ஓடும். நாகம் நூற்றுக்கு 15 பங்கிற்குக் குறைந்த பித்தளை இதனை நன்கு தாங்கும். 30 பங்கு கொண்டது எளிதில் வெடிக்கும்.

இக்கேடு புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் மழைக்காலத்திற் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் வெடித்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே அதற்குக் காரணம் என்பது 1921 ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. கமக்காரரின் வளவில் மாட்டுக்கொட்டில், எருக்குவியல், நனைந்த யூரியா, சுண்ணாம்புடன் கலந்த அமோனியம் சல்பேற்று ஆகியவற்றிலிருந்து இவ்வாயு எழும்.

பரிசோதிக்கும் முறைகள்

ஆய்வுகூடங்களிற் பித்தளைப் பொருளை இரச நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தியோ அமோனியா ஆவியில் வைத்தோ சோதிப்பர். உள்ளே இழுவிசை மிகுந்திருப்பின் பொருள் வெடிக்கும். இரசம் கொடிய நஞ்சாதலால் இச்சோதனையை வீட்டிற் செய்தலாகாது.

கமக்காரர் பின்வருமாறு செய்யலாம்:

1. கருவியை நன்கு கழுவி உலர்த்துக.
2. வளைவுகளிலும் பொருத்துக்களிலும் மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விடுக. அருகில் நெருப்பு இருத்தலாகாது.
3. எண்ணெயை முற்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தூவுக.
4. வெடிப்பு இருப்பின், அதனுட் புகுந்த எண்ணெய் கசிந்து தூளில் ஒரு கோடாகத் தோன்றும்.

கோடு தோன்றாவிடினும், மருந்து இடுமுன் நல்ல நீரை நிரப்பிக் காற்றடித்துப் பார்த்தல் நன்று.

தடுக்கும் வழிகள்

கருவியைப் பாவித்தவுடன் கழுவி, உலர்த்தி, பசளைக்கும் கொட்டிலுக்கும் தொலைவிலுள்ள காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும். பித்தளைத் தாங்கியில் யூரியாக் கரைசலை விட்டுவைத்தலாகாது. காற்றை வெளியேற்றிய பின்னரே கருவியைச் சேமித்தல் வேண்டும். வெடித்த தாங்கியை ஈயம் வைத்து ஒட்டினாலும் வெடிப்பின் நுனி மேலும் பரவக்கூடும்; அதனை மாற்றுதலே தக்கது. ஓர் இணைப்பின் விலை சிறிது. முதுகில் நஞ்சு ஒழுகுவதால் வரும் கேடோ பெரிது.